‘அண்ணே’ என்று சொல்லக் கூடாத மைதானம்

“இன்னைலருந்து இந்தக் கிரவுண்டுக்குள்ள எவனும் எவனையும் அண்ணேன்னு கூப்புடக் கூடாது. கூப்புட்டா கிரவுண்டச் சுத்தி ஓடணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

எங்கள் பி.டி. சார் இதைச் சொன்னபோது நாங்கள் யானைமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தோம். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது. துடைக்கலாம் என்றால் முகத்துக்கு முன்னால் கம்பி.

முதல் வருஷத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “அப்ப சீனியர எப்பிடி சார் கூப்புடுறது?”

“மாப்ளன்னு கூப்புடு.”

“அடிப்பாங்க சார்.”

“அடிச்சா எங்கிட்ட வா. நான் மாப்ளன்னு கூப்புட்டே அவன அடிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தோம். மதுரையில் அண்ணே என்ற சொல்லைத் தடை செய்வது லேசான காரியமா? டீ வாங்க, வழி கேட்க, சண்டை போட, சண்டையை விலக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். அதைப் போய் ஒரு மனிதர் வேண்டாம் என்கிறார். எங்களுக்குக் காரணம் தெரியும். இருந்தாலும் சிரித்தோம்.

போன வாரம் இந்தத் தொடரில் ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுமலையிலிருந்து என் சித்தப்பா போன் பண்ணினார். “ஏண்டா, காலேசுக்குத் திங்கிறதுக்குத்தான் போனியா?” என்று கேட்டார். இல்லை சித்தப்பா, ஆடவும் போனேன். இந்த வாரம் அந்தக் கதைதான். இதில் சிரிப்பு பாதிவரைக்கும்தான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்து

எங்கள் கல்லூரி மேலூர் ரோட்டில், ஒத்தக்கடையைத் தாண்டி இருந்தது. அப்போது சுற்றிலும் வெறும் பிளாட் கற்கள். இப்போது அந்தக் கற்களின் மேல் வீடுகள் முளைத்துவிட்டன.

சேர்மனின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு பந்தைக் கொண்டுவந்தார். உருண்டையாக இல்லாமல் இரண்டு பக்கமும் கூம்பி, பப்பாளிக்காய் மாதிரி இருந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலாம். அங்கே கல்லூரிக்குக் கல்லூரி இந்த ஆட்டம்தான் உயிராம். ஊரே கடையை அடைத்துவிட்டுப் பார்க்க வருமாம். இங்கேயும் ஆரம்பிப்போம் என்றார். யாரோ கழற்றிப் போட்ட ஹெல்மெட்டுகளையும் தோள் கவசங்களையும் ஐதராபாத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்தார். பிறகு அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டார். பந்தும் மூட்டையும் பி.டி. சார் தலையில் விழுந்தன.

பி.டி. சார் கபடிக்காரர். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து இந்த ஆட்டத்தைப் படித்தார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“ஒண்ணும் இல்லடா. இது எடம் புடிக்கிற ஆட்டம். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்ல? அதான். உனக்கு நாலு தடவ சான்ஸ். அதுக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். முன்னேறிட்டா மறுபடி நாலு சான்ஸ். இப்பிடியே போயி அவன் கோட்டுக்கு அங்கிட்டு பந்தக் கொண்டுபோயிட்டா ஆறு பாயிண்டு. போக விடாம அவன் உன்ன அமுக்குவான். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான். இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

நான் வரிசையில் நிற்கிறவன். முன்னால் வருகிறவனை நெஞ்சால் தடுப்பது என் வேலை. மூளை தேவைப்படாத இடம் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். சொன்னவர்களை நான் பயிற்சியின்போது நன்றாகவே தடுத்திருக்கிறேன். ஊருக்கு ஹெல்மெட்டோடு போனபோது அம்மா, “மோட்டார் சைக்கிள்ல போறப்ப போடச் சொன்னா கசக்குது, வெளையாடப் போட்டுக்கிறானாக்கும்” என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள்.

எனக்குப் பக்கத்தில் நடுவில் குனிந்து நிற்பவன் சோலை, சமயநல்லூர்க்காரன். பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்பக்கமாக அனுப்புவான். பின்னால் கொஞ்சம் தள்ளி நிற்பவன் அதைப் பிடித்து எறிவான், அல்லது ஓடுகிறவனிடம் கொடுப்பான். ஆட்டமே அந்தப் பின்னால் நிற்பவன் கையில்தான். அவன் பெயர் நாகராம். எங்களுக்கு நாகு.

நாகுவின் கை

நாகு வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அவன் அப்பாவுக்கு மொத்தத் துணிக்கடை. நைட்டி, உள்பாவாடை, ஜாக்கெட் பிட். கடை அகலம் ஒரு ஆட்டோ அளவுதான், உயரம் மட்டும் பெரிசு. மேலே பரண். கீழேயிருந்து துணிக் கட்டை எறிந்தால் பரணில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். பள்ளிக்கூட நாளிலிருந்து எறிகிற வேலை நாகுவுடையது.

அந்தக் கைதான் மைதானத்துக்கு வந்தது. ஆள் ஒல்லி. ஹெல்மெட் போட்டால் தீக்குச்சி மாதிரி இருப்பான். ஆனால் அவன் எறிந்த பந்து சுழன்றுகொண்டே போய், ஓடுகிறவன் கையில் தானாக வந்து உட்காரும். ஓடுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். அப்படி ஒரு கையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவன் அப்பாவுக்கு இந்த ஆட்டம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. “எறியிறதுன்னா இங்க எறி. இங்க எறிஞ்சா சோறு கெடைக்கும்” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் நாகுவுக்குப் பெரிய தொல்லை. கத்துகிற அப்பாவாக இருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு வந்துவிடலாம். இவர் துணியை மடித்துக்கொண்டே மெல்லச் சொல்வார். இவனும் கட்டைத் தூக்கி எறிந்துகொண்டே கேட்டுக்கொள்வான்.

மாடு ஓட்டுகிற சத்தம்

பந்தை எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு சத்தம் வேண்டும். அமெரிக்காவில் “ஹட், ஹட்” என்று கத்துவார்களாம். நாகு முதல் தடவை “ஹட்” என்றதும் எங்கள் வரிசை மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அது மாடு ஓட்டுகிற சத்தம். “எந்த மாட்டடா பத்துற?” என்று கேட்டுப் பி.டி. சாரும் சிரித்துவிட்டார்.

அந்த வருஷம் முதல் போட்டி கோயம்புத்தூரில். ஹட் என்று கத்தி, சிரித்து, தோற்றோம். எதிரணிக்கும் ஹட் தெரியும். பந்து எப்போது வரும் என்று எங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். பாதி டீயில் ஏதோ ஒரு பஸ் கண்டக்டர் யாரையோ பார்த்து, “அண்ணே!” என்று கத்தினார். சோலை டம்ளரை வைத்துவிட்டு ஓடிப் போய் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டான். அது தேனி போகிற பஸ். சோலையின் சுபாவம் அப்படி. மரியாதைக்காரக் குடும்பம். அண்ணே என்று எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் யோசிக்க மாட்டான், உடம்பு போய்விடும்.

நாங்கள் சிரித்துப் புரண்டோம். நாகு மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சோலையையே பார்த்தான்.

“மாப்ள, ஹட்ட விடுங்கடா. நான் மாப்ள மாப்ளன்னு கத்துவேன். அப்ப எவனும் அசையாதீங்க. எப்ப அண்ணேன்னு சொல்றேனோ, அப்ப பந்த அனுப்பு.”

“அவனுகளுக்குப் புரிஞ்சிராதா?” என்றேன்.

“சென்னைக்காரன் அண்ணாம்பான். கோயம்புத்தூர்க்காரன் ங்ணாம்பான். பெங்களூர்க்காரனுக்கு ரெண்டும் தெரியாது. அண்ணே நம்மளுதுடா.”

அப்படித்தான் பி.டி. சாரின் தடையுத்தரவு வந்தது. அந்தச் சொல் மைதானத்தில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இருக்க வேண்டும். வேறெதற்கும் யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. மழை மாதங்கள் முழுக்க அதைத்தான் பழகினோம். மாப்ள என்றால் சிலை. அண்ணே என்றால் பாய்ச்சல். கடைசியில் எங்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. சோலையின் வியாதி எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம்.

மாப்ள, மாப்ள

சென்னையில் நடந்த போட்டியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாகு “மாப்ள!” என்று அடித்தொண்டையில் கத்துவான். எதிரணித் தடியன்கள் பந்து வந்துவிட்டதென்று பாய்வார்கள். விசில். பந்து அசையும் முன் பாய்ந்தால் தப்பு, ஐந்து கஜம் எங்களுக்கு. மறுபடி “மாப்ள!” மறுபடி பாய்வார்கள். மறுபடி ஐந்து கஜம். நாங்கள் குத்துக்கல் மாதிரி இருந்தோம். ஆட்டமே ஆடாமல் பாதி மைதானத்தைக் கடந்தோம்.

நடுவர் வடக்கத்திக்காரர். பி.டி. சாரிடம் வந்து, அந்தப் பையன் கெட்ட வார்த்தை பேசுகிறானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் நெஞ்சை நிமிர்த்தி, “ரெஸ்பெக்ட் சார். ஃபேமிலி ரெஸ்பெக்ட்” என்றார்.

ஜெயித்தோம். அடுத்ததும் ஜெயித்தோம். ரயிலில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினோம். வேடிக்கையாக ஆரம்பித்தது எங்களை அறியாமலே நிஜமாகிவிட்டது. இறுதிப் போட்டி பெங்களூர் அணியோடு, எங்கள் மைதானத்திலேயே என்று முடிவானபோது துள்ளிக் குதித்தோம். சொந்த மண், சொந்த ஜனம். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியது பி.டி. சாருக்கு மட்டும்தான்.

“டேய், வெளியூர்ல எவனும் அண்ணேன்னு சொல்ல மாட்டான். இங்க கூட்டம் பூரா அதத்தான சொல்லும்?”

அதனால் கேட்டில் ஒரு போர்டு வைத்தோம்: ‘மைதானத்துக்குள் அண்ணே என்று யாரையும் அழைக்க வேண்டாம்.’ உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் ஜூனியர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாயாலும் சொன்னார்கள். கேட்டவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் மதித்தார்கள். மதுரையில் அத்தனை பேர் கூடி ஒரு அண்ணே கேட்காத மத்தியானம் அது ஒன்றுதான் இருக்கும்.

தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்திருந்தது. இறுதிப் போட்டிக்கு ஐதராபாத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், இந்தியாவுக்கு ஆட ஆள் எடுக்கப்போகிறார்கள், நாகுவைப் பற்றி ஏற்கெனவே விசாரித்துவிட்டார்கள் என்று பி.டி. சார் சொன்னார். எடுத்தால் ஐதராபாத்தில் தங்கிப் பயிற்சி. பிறகு வெளிநாடு. கடைப் பக்கம் வருஷக்கணக்கில் வர முடியாது.

நாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அப்பாவிடம் கேட்க வேண்டும். தனியாகக் கேட்கப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கடையில் கூட்டம். அவர் ஒரு பேல் துணியை அவிழ்த்து, விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகு தங்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். எனக்கும் புரியட்டும் என்று தமிழில் பதில் சொன்னார். அவர் மரியாதை அப்படி.

“தம்பி, நான் கேள்விப்பட்டுச் சரக்கு வாங்குறதில்ல. தொட்டுப் பாத்துத்தான் வாங்குவேன். இவன் நல்லா ஆடுறான்னு நீங்க சொல்றீங்க. எனக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கெழம நானே வாரேன். என் கண்ணால பாக்குறேன். இதுல இவனுக்கு ஒரு பொழப்பு இருக்குன்னு பட்டுச்சுன்னா நானே ரயிலேத்தி விடுறேன். படலைன்னா கடைக்கு வந்துரணும். அதுக்கப்பறம் பேச்சு கெடையாது.”

நாகு தலையாட்டினான். வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “வாரேன்னுட்டாரு மாப்ள! அவரு கடைய விட்டு எங்கயும் போனதே இல்ல. பாத்தா விட்டுருவாரு. பாக்கணும், அவ்வளவுதான்.”

நானும் அப்படித்தான் நம்பினேன். நாகு ஆடுவதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல ஒருவரால் முடியுமா?

அந்த ஞாயிறு

நாகு அன்று ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது? பெங்களூர்க்காரர்கள் ஆளுக்கொரு பீரோ மாதிரி இருந்தார்கள். எங்களை மிதித்துத் துவைத்தார்கள். ஆனால் நாகு பின்னால் நின்று எறிந்துகொண்டே இருந்தான். இடது பக்கம், வலது பக்கம், தலைக்கு மேலே. இடைவேளையில் ஐதராபாத்துக்காரர்கள் இறங்கி வந்து அவன் தோளில் தட்டி, “நீ வருகிறாய்” என்றே சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு அது காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “வரலையே மாப்ள” என்றான். முகூர்த்த நாள், கடையில் கூட்டம் இருக்கும், வந்துவிடுவார் என்று நான் சொன்னேன்.

அவர் கிளம்பிவிட்டிருந்தார். முகூர்த்த நாளில் கடையை அடைத்துவிட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் ஒரு பை நிறையப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மாட்டுத்தாவணியில் தப்பான பஸ். எங்கேயோ இறங்கி, திரும்பி வந்து, கல்லூரியின் பின்பக்கத்து உடைந்த சுவர் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார். அங்கே போர்டும் இல்லை, கும்பிட்டுச் சொல்ல ஜூனியரும் இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் நின்றிருந்தது.

ஆட்டம் முடியப்போகிறது. நாங்கள் நாலு பாயிண்ட் பின்னால். அவர்கள் கோடு கூப்பிடு தூரத்தில். எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. நாகு ஒரு தடவை எறிந்தால் முடிந்தது.

குனிந்தோம். கூட்டம் மூச்சு விடவில்லை.

“மாப்ள!” என்றான் நாகு. நாங்கள் அசையவில்லை.

இரண்டாவது மாப்ள வரவில்லை. நாகு அப்போது எல்லைக் கயிற்றுப் பக்கம் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டான். அவன் பிறகு என்னிடம் சொன்னது இது: அப்பா எந்த இடத்தில் நிற்கிறார், அங்கிருந்து நன்றாகத் தெரியுமா என்று பார்க்கத் திரும்பினானாம். அவ்வளவுதான். பார்த்துவிட்டுத்தான் சத்தம் கொடுக்க இருந்தான்.

அந்த நேரத்தில், அத்தனை அமைதியில், பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவரிடம் அவன் அப்பா தெளிவாகக் கேட்டார்.

“அண்ணே, இதுல எம் மகன் யாருண்ணே? எல்லாரும் தலையில சட்டியக் கவுத்திருக்கானுக.”

சோலை பந்தை அனுப்பிவிட்டான். நான் பாய்ந்துவிட்டேன். எங்கள் வரிசை மொத்தமும் ஒரே ஆளாகப் பாய்ந்தது. அந்த வருஷத்திலேயே அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் பாய்ந்ததில்லை. பந்து, திரும்பி நின்ற நாகுவின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் ‘டொக்’ என்று அடித்துத் தரையில் உருண்டது. ஒரு பெங்களூர்க்காரன் பொறுக்கிக்கொண்டு ஓடினான். மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். தடுக்க ஆளில்லை.

யாரோ சிரித்தார்கள். பந்து தலையில் பட்டதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். நாகு ஹெல்மெட்டைக் கழற்றினான். அப்போதுதான் அவருக்கு, அதில் தன் மகன் யார் என்று தெரிந்தது.

அவர் பார்த்தது அந்த ஒரு பந்துதான்.

மகனை அவர் நேராகக் கூப்பிட்டிருந்தால் வீட்டுப் பாஷையில் கூப்பிட்டிருப்பார். எங்களில் ஒருவனும் அசைந்திருக்க மாட்டோம். முன்பின் தெரியாத டிரைவரிடம் மரியாதையாகப் பேசினார். அதில் போய்விட்டது எல்லாம். இத்தனை வருஷமாக இதை நினைத்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் தவிக்கிறேன். திட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

தண்ணித் தொட்டிக்குப் பின்னால்

அவர் எங்களிடம் வந்தார். “பரவால்ல, பரவால்ல” என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார். எதிரணிக்காரர்களுக்கும் கொடுத்தார். நாகுவின் தலையைத் தடவிப் பார்த்து, அடி பட்டிருக்கிறதா என்று விசாரித்தார்.

சோலை அழுதுகொண்டிருந்தான். “நான் போய்ச் சொல்லிர்றேன். அவரு வாயில வந்த சொல்லாலதான்னு தெரிஞ்சா மறுபடி ஒரு மேட்ச் பாக்க வருவாருடா” என்று கிளம்பினான். நாகு அவன் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனான். நாங்களும் ஓடினோம்.

“எவனும் சொல்லக் கூடாது.”

“ஏண்டா? கிறுக்கா ஒனக்கு?” என்று நான் கத்தினேன்.

“முகூர்த்த நாள்ல கடைய அடைச்சுட்டு வந்திருக்காரு மாப்ள. வாழ்க்கையில மொத தடவ. அவர்ட்டப் போயி, நீங்க வந்ததாலதான் தோத்தோம்னு சொல்லச் சொல்றியா? செத்துருவாருடா. அதுக்கப்பறம் நான் எந்த ஊர்ல போயி ஆடுறது?”

“அப்ப ஐதராபாத்து?”

“பாத்துட்டுச் சொல்றேன்னாரு. பாத்துட்டாருல்ல.”

எல்லோரும் சத்தியம் செய்தோம். பி.டி. சாரும் செய்தார். செய்துவிட்டுத் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நாகு கடையில் இருந்தான். ஐதராபாத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. அவன் நம்பரை மாற்றிக்கொண்டான். அடுத்த வருஷம் அணி இருந்தது, ஆடியது, ஆனால் எறிய ஆளில்லை. பிறகு அந்த மைதானத்தில் கல்லூரிப் பஸ்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். சோலை இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். யாரையும் அண்ணே என்று கூப்பிடுவதில்லை. ஆட்டோக்காரரைக்கூட சார் என்கிறான்.

கடையில் ஒரு கேள்வி

நாகுவின் அப்பா போன ஆடியில் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு நாகுவே போன் பண்ணி, “இனிமே எழுதிக்க மாப்ள” என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் போவதற்குக் கொஞ்ச மாதங்கள் முன்னால் கடைக்குப் போயிருந்தேன். என் மனைவி உசிலம்பட்டியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறாள், அதற்கு நைட்டி எடுக்க வேண்டும். நாகு பரணில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தான். லேசாகத் தொப்பை போட்டுவிட்டது. அவன் அப்பா மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். உடம்பு மிகவும் இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன். மறைக்காமச் சொல்லணும். இவன் நெசமாவே நல்லா ஆடுவானா?”

மெல்லத்தான் கேட்டார். ஆனால் கடை சின்னது. மேலே துணி அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். நாகு பரணிலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

சென்னையில் எறிந்தது, பெங்களூர்க்காரர்களின் தலைக்கு மேலே எறிந்தது, ஐதராபாத்துக்காரர்கள் இறங்கி வந்தது, அத்தனையும் வாய்வரை வந்து நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுமாராத்தான்ப்பா ஆடுவான். கை வலுதான். ஆனா கவனம் பத்தாது.”

அவர் பெரிய மூச்சாக விட்டார். என் கையை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார். பிறகு பரணை நிமிர்ந்து பார்த்துத் தங்கள் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நாகுவும் மேலேயிருந்து சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை பதில் சொன்னான்.

நைட்டிக் கட்டை எடுத்துக்கொண்டு நாகு சந்துமுனை வரைக்கும் என்னோடு வந்தான். “அப்பா என்னடா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“‘கேட்டுக்கிட்டியா, நான் ஒன் வாழ்க்கையக் கெடுக்கலடா’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமாப்பான்னேன்.”